கை அசைந்தால்தான் ஓடும்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். வராமல் என்ன செய்யும்? மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்து பார்த்தால் தெரியும். வண்டியை எடுங்கள் என்று நான் கத்துவேன். டீ இன்னும் ஆறவில்லை என்பார் டிரைவர். பின்னால் நிற்கிற வண்டிக்காரர் என் நேரத்தை அவன் தின்கிறான் என்று ஜன்னலில் வந்து கையை நீட்டுவார். நாள் முழுக்க நிமிஷத்துக்காகச் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் தொண்டையில் குரல் இருக்காது.

அப்படிப்பட்டவனுக்குப் பழைய வாட்ச் சேர்க்கிற கிறுக்கு எப்படி வந்தது என்று கேட்பார்கள். மணி பார்ப்பதற்காகவா பழைய வாட்ச்? ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், ஒன்று மழைக்காலத்தில் மட்டும் சோம்பும். எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி வைத்தால் எது நிஜமான மணி என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் எனக்கு உயிரே இருக்கிறது.

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் நாங்கள் நாலு பேர் கீழக்குயில்குடியில், சமண மலை அடிவாரத்துத் தாமரைக் குளத்தின் கரையில், ஆலமரத்தடியில் கூடுவோம். நான், பாத்திரக்கடை பாய், ஒரு பல் டாக்டர், டீச்சர். டீச்சர் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக ஆட்டோ பிடித்து வந்துவிடுவார். வந்தவுடன் போனையெல்லாம் அணைத்து டாக்டரின் காரில் வைத்துப் பூட்டிவிடுவோம். போனில் இருக்கிற காந்தம் பழைய வாட்சுக்கு ஆகாது என்பது டாக்டரின் கட்சி. காந்தமோ இல்லையோ, அதற்கப்புறம் உலகத்துக்கும் எங்களுக்கும் தொடர்பு கிடையாது.

ஒவ்வொருவரும் தன்னிடம் இருப்பதிலேயே மூத்த வாட்சைக் கொண்டுவர வேண்டும். ஒரு வெள்ளைத் துண்டை விரித்து அதில் வைப்போம். முதலில் நாலு பேரும் குனிந்து காது கொடுப்போம். பிறகு, வயதில் சின்ன வாட்ச் எதுவோ அதை வைத்திருப்பவர் முதலில் அதன் கதையைச் சொல்வார். அப்புறம் அடுத்தது, அப்புறம் அடுத்தது. மாதாமாதம் அதே வாட்ச், அதே கதை. எங்களுக்கு அலுத்ததே இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை. வாட்ச் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடாத வாட்சுக்குப் பேச்சு கிடையாது.

என்னுடையது உசிலம்பட்டியில் பழைய இரும்புக் கடைக் குவியலில் கிடைத்தது. தனிச் சாவி போட்டு முறுக்குகிற பாக்கெட் வாட்ச். எங்கள் நாலிலும் அதுதான் மூத்தது, அந்தத் திமிர் எனக்கு உண்டு. பாயினுடையது அரபி எண் போட்டது, கப்பலில் ஹஜ்ஜுக்குப் போன யாரோ ஒரு முன்னோர் கொண்டுவந்தது. டாக்டரிடம் இருந்தது முதல் உலகச் சண்டைக் காலத்துக் கைக்கடிகாரம், கண்ணாடி உடையாமல் இருக்க முகத்தில் கம்பி வலை போட்டது. டீச்சருடையதுதான் வயதில் சின்னது. ஆகவே எப்போதும் டீச்சர்தான் ஆரம்பித்து வைப்பார்.

அது ஓர் ஆட்டோமேடிக். சாவி கொடுக்கிற வேலையே கிடையாது. உள்ளே ஒரு அரைவட்டத் தகடு இருக்கும், கை ஆட ஆட அது சுற்றி ஸ்பிரிங்கை முறுக்கிக்கொள்ளும். பினாங்கிலிருந்து திரும்பி வந்த டீச்சருடைய சித்தப்பா, டீச்சருக்கு வேலை கிடைத்த அன்று தன் கையிலிருந்து கழற்றி டீச்சர் கையில் கட்டிவிட்டது. ஆம்பிளை வாட்ச், டீச்சரின் மெல்லிசான மணிக்கட்டில் சுற்றிச் சுற்றி வரும். வலது கையால் போர்டில் கணக்கு எழுதி இடது கையால் அழித்து அழித்தே அதை அத்தனை வருஷம் ஓட்டியதாகச் சொல்வார். பள்ளிக்கூடத்துக்கு முந்திப் போவதற்காகப் பத்து நிமிஷம் கூட்டி வைத்ததை இன்றுவரை குறைக்கவில்லை. சித்தப்பா கப்பலில் வந்த கதையைச் சொல்லும்போது ஒவ்வொரு மாதமும் அந்தக் கடல் கொஞ்சம் பெரிதாகும். குளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால் தாமரை இலையெல்லாம் லேசாக ஏறி இறங்குகிற மாதிரி இருக்கும். நான் பல தடவை பாதியில் தூங்கியிருக்கிறேன். தூக்கத்திலும் கதை நிற்காது.

அந்த வாட்ச் நின்றுபோனது ஈஸ்டர் முடிந்து வந்த கூட்டத்தில்தான்.

துண்டில் வைத்தோம், குனிந்தோம். மூன்றின் சத்தம்தான் கேட்டது. டீச்சர் முகம் வாடிப்போனது. பாய் எடுத்து நாலு ஆட்டு ஆட்டினார், ஓட ஆரம்பித்தது. அப்பாடா என்று உட்கார்ந்தோம். ஆனால் டீச்சர் கதை சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். வரும்போது ஓடிக்கொண்டிருந்தால்தான் கணக்காம். அந்த மாதம் பாய்தான் ஆரம்பித்தார், எனக்கு ஏதோ தலைப்பக்கம் கிழிந்த புத்தகத்தைப் படிப்பது போலிருந்தது.

அடுத்த மாதமும் நின்றிருந்தது. டாக்டர் கொண்டுபோய், பல் தோண்டுகிற ஊசியாலேயே பிரித்து, பழைய எண்ணெயைத் துடைத்துப் புது எண்ணெய் விட்டார். அவர் கையில் வாரக்கணக்கில் ஓடியது. டீச்சரிடம் கொடுத்தார், அடுத்த கூட்டத்தில் நின்றிருந்தது. ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது என்றார் பாய். தகடு எங்கோ உரசுகிறது என்றேன் நான். டாக்டர் காந்தத்தைப் பிடித்துக்கொண்டு, டீச்சர் வீட்டு பிரிட்ஜ் மேல் சந்தேகப்பட்டார். பூதக்கண்ணாடியை மாற்றி மாற்றி வாங்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். மறுபடி பிரித்தார். பிறகு பாய் ஒரு மாதம் கட்டிக்கொண்டு பார்த்தார், நன்றாக ஓடியது. பிறகு நான் ஒரு மாதம். என் கையில் அது ஓடின ஓட்டத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. டிரைவர்களிடம் நான் கையை ஆட்டிக் கத்துகிற கத்தலுக்கு மாட்டு வண்டிச் சக்கரம்கூட ஓடும்.

டீச்சர் இதையெல்லாம் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே ஒரு தடவைதான் வாய்விட்டுச் சொன்னார்.

"உங்க கையில எல்லாம் ஓடுது. அது எங் கையில ஓடணும்யா. எனக்கு அம்புட்டுதான் வேணும்."

ஆகிவிடும் டீச்சர், விட்டுவிடுவோமா என்று மூவரும் ஒரே குரலில் தைரியம் சொன்னோம்.

என் ஒரு மாதம் முடிந்த ஞாயிறு, மலை மேல் மேகம் இறங்கி, பாறை எது வானம் எது என்று தெரியவில்லை. குளத்தில் தூறல் விழுவது கண்ணுக்குத் தெரியாமல் காதுக்கு மட்டும் தெரிந்தது. துண்டில் மற்ற மூன்று வாட்சும் இருந்தன. நான் டீச்சருடையதை என் கையிலிருந்து கழற்றி, நானே கட்டிவிடுகிறேன் கொடுங்கள் என்று, சேலைத் தலைப்புக்குள்ளிருந்த அவர் இடது கையை எடுத்தேன். கனமாக இருந்தது. வாட்சைக் கட்டினேன், பக்கிளை மாட்டினேன், விட்டேன். விட்ட கை அப்படியே சரிந்து துண்டின் மேல் வாட்சுகளுக்கு நடுவில் விழுந்தது. டீச்சர் அதை எடுக்கவில்லை. பிறகு வலது கையால் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மூவரும் பேந்தப் பேந்த விழித்தோம்.

"எம்புட்டு மாசமா அந்த வாட்ச்சையே பாக்குறீங்க," என்றார் டீச்சர். "ஒருத்தராச்சும் எங் கையப் பாத்தீங்களாய்யா?"

தவக்காலத்தில் ஒரு காலை, காப்பி டம்ளரை எடுக்கப் போன இடது கை எடுக்கவில்லையாம். லேசான ஸ்ட்ரோக். ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்திருக்கிறார். காலும் பேச்சும் தப்பித்துக்கொண்டன, கை மட்டும் வரவில்லை. எங்களிடம் சொல்லவில்லை. வாட்ச் நின்றதைப் பார்த்து நாங்களாகவே கேட்போம் என்று நினைத்திருக்கிறார். கை அசைந்தால்தான் ஓடும் வாட்ச் அது. ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எங்கள் மூவருக்கும் தெரியும். அதை இரண்டு தடவை பிரித்து எண்ணெய் விட்டோம், பிரிட்ஜைக் குற்றம் சொன்னோம். பல் டாக்டருக்கு முகத்தில் ஈயாடவில்லை. என்ன இருந்தாலும் அவர் டாக்டர் அல்லவா? பாய் தோபா தோபா என்று தாடையில் போட்டுக்கொண்டார். எனக்கு அழுகை வர வேண்டிய இடத்தில் வழக்கம்போலக் கோபம் வந்தது. சொல்லித் தொலைத்திருந்தால் என்ன டீச்சர் என்று அந்த மரத்தடியே அதிரக் கத்தினேன். டீச்சர் சிரித்தார். சத்தம் போட ஆள் இல்லாமல்தான் இத்தனை மாதம் கை தூங்கிவிட்டது, நீ தினமும் வந்து கத்து என்றார்.

போனேன். தினமும் முடியவில்லை, காலை ஷிப்ட் இருக்கிற நாளெல்லாம் மத்தியானம் நேராக டீச்சர் வீட்டுக்குப் போய்விடுவேன். சர்ச்சுக்குப் பின்னால் சின்ன வீடு. முன்பு டியூஷன் எடுத்த ஹாலில் ஒரு கரும்பலகை சுவரோடு இருந்தது. பிசியோதெரபிக்கு வருகிற பெண், கைக்குப் பழகின வேலை எது இருந்தது என்று கேட்டிருக்கிறாள். போர்டு அழிக்கிற வேலை என்றிருக்கிறார் டீச்சர். ஆகவே அதுவே வைத்தியமாகிவிட்டது. வலது கையால் ஒரு கணக்கை எழுதுவார். பிறகு அதே வலது கையால் இடது கையைத் தூக்கிப் பலகையில் சாத்தி, விரல்களுக்குள் டஸ்டரைச் செருகி, முதுகிலிருந்து பலத்தை எடுத்துத் தள்ளுவார். டஸ்டர் விழும். நான் எடுத்துக் கொடுப்பேன். மறுபடி விழும்.

"மேல, மேல," என்று நான் பஸ் ஸ்டாண்டு குரலில் கத்துவேன். "நான் என்ன உன் டவுன் பஸ்ஸா?" என்று டீச்சர் திருப்பிக் கொடுப்பார். பக்கத்து வீட்டில் என்ன நினைத்திருப்பார்களோ தெரியாது.

ஆனால் அந்த மத்தியானங்களைப் போல நிம்மதியான பொழுது என் வாழ்க்கையில் குறைவு. மேற்கு ஜன்னலில் வெயில் சாய்ந்து உள்ளே வரும். சாக்பீஸ் தூள் அதில் மிதந்துகொண்டே இருக்கும், கீழே இறங்கவே இறங்காது. வெளியே வேப்பமரத்தில் ஏதோ குருவி ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கும். கத்திக் களைத்து நாற்காலியிலேயே எனக்குக் கண் செருகும். அரைத் தூக்கத்தில் பலகையில் டஸ்டர் இழுபடும் சத்தம் கேட்கும். கரைக்கு அலை வந்து போவது மாதிரி, ஒன்று, ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. கப்பலில் வாட்சோடு வந்த அந்தச் சித்தப்பாவை நான் பார்த்ததில்லை, ஆனால் அந்த நாட்களில் கனவில் அடிக்கடி வந்தார். கப்பல் தளத்தில் நின்றுகொண்டு யாருக்கோ கையை ஆட்டிக்கொண்டே இருப்பார். விழித்துப் பார்த்தால் டீச்சர் பலகையில் நெற்றியைச் சாய்த்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். பலகையில் கணக்கு அப்படியே இருக்கும், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மங்கியிருக்கும்.

மணிக்கட்டில் வாட்ச் இருந்தது. நாலு ஆட்டு ஆட்டினால் ஓடும், வேறு கையில் கட்டினாலும் ஓடும். இரண்டுக்கும் டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை. இடது கையில், அந்தக் கை ஆட்டி, ராத்திரி தாண்டி ஓட வேண்டும். அதுதான் பரீட்சை. டாக்டர்கள் சொல்கிற பலனையெல்லாம் நம்ப மாட்டேன், இது சொன்னால் நம்புவேன் என்றார். ஒருநாள் அழித்து முடித்த பிறகு காதில் வைத்துப் பார்த்து, ஓடுது என்று கண்ணை விரித்தார். நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் நின்றுவிட்டது. அன்றைக்கு டீச்சர் என்னைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார். மூடின கதவுக்கு வெளியே செருப்பைப் போட மனசில்லாமல் நின்றேன்.

இதைச் சொன்னபோது பாயால் தாங்க முடியவில்லை. ஒரு தடவை ஓடினால் போதும் மாப்ள, அந்தத் தெம்பிலேயே கை வந்துவிடும் என்றார். அடுத்த கூட்டத்தில் டீச்சர் ஐயனார் கோயில் பக்கம் போய்க் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று வாட்சைக் கழற்றித் துண்டில் வைத்துப் போனார். பாய் கண் காட்டினார். டாக்டர் எடுத்து ஆட்டினார். வாட்ச் எப்போதோ நின்றுபோன மணியைக் காட்டிக்கொண்டிருந்தது. நான் வாங்கி, என் கையிலிருந்த டியூட்டி வாட்சைப் பார்த்து முள்ளைத் திருப்பி வைத்தேன். டீச்சர் திரும்பி வந்தார். அட, ஓடுதே டீச்சர் என்று பாய் ஆச்சரியப்பட்டார். நடிப்பு கொஞ்சம் அதிகம்தான்.

டீச்சர் குனிந்து கேட்டார். முகம் மலர்ந்தது. அப்புறம் எடுத்து, என் டியூட்டி வாட்சோடு ஒப்பிட்டு மணி பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மணி கரெக்டா இருக்கே," என்றார். "எங் கையில இது என்னைக்குய்யா கரெக்டா இருந்துச்சு?"

பத்து நிமிஷம் கூட்டி வைக்க மறந்துவிட்டேன். மறக்கவில்லை, என் கைக்கு அது வரவே வராது. தப்பான மணி வைக்கத் தெரியாதவன் நான். பாய் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும். டீச்சர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாட்சைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஆட்டோவைக் கூப்பிடு தம்பி என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் நான் வீட்டுக்குப் போன மத்தியானங்களில் கதவு திறக்கவில்லை. உள்ளே ஆள் இருக்கிற அரவம் கேட்டது. அடுத்த இரண்டு கூட்டத்துக்கும் டீச்சர் வரவில்லை. அந்த ஞாயிறுகளில் நாங்கள் மூவரும் துண்டை விரித்தோம். ஆரம்பித்து வைக்கிறவர் இல்லை. குளத்தையே பார்த்துவிட்டு வந்தோம். டீச்சரை நாங்களே முடித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் என் குரல் இறங்கிப்போய், உடம்புக்கு என்னண்ணே என்று டிரைவர்களே கேட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின கூட்டம். பனி குளத்து மேல் ஒரு ஆள் உயரத்துக்கு நின்றது. ஆட்டோ வரும் சத்தம் கேட்டது, ஆட்டோ தெரியவில்லை. பிறகு பனிக்குள்ளிருந்து டீச்சர் நடந்து வந்தார். இடது பக்கம் இடுப்பில் ஒரு பிஸ்கட் டின். மூவரும் எழுந்து ஓடினோம். மூவரின் கண்ணும் ஒரே இடத்துக்குத்தான் போனது. மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

கழற்றிவிட்டார், கையை விட்டுவிட்டார், அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றியது. பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வாட்ச் எங்க டீச்சர்?" என்று கேட்டேன். கேட்டதில் அதட்டல்தான் இருந்தது, எனக்கு வேறு குரல் கிடையாது.

டீச்சர் குனிந்து தன் மணிக்கட்டைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அடடா. காலையில உருண்டை பிடிக்கக் கழட்டி வச்சேன். பூசைக்கு நேரமாச்சுன்னு அப்படியே வந்துட்டேன்."

"ஓடுச்சா?"

"ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு," என்றார், அது ஒரு விஷயமே இல்லை என்பதைப் போல. பிறகு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னமும் வாட்ச்சத்தான் தேடுறீங்களா?"

அப்போதுதான் பார்த்தேன். டின்னைப் பிடித்திருந்தது இடது கை. வலது கையால் மூடியைத் திறந்தார். உள்ளே ரவா உருண்டைகள். ஒரு பக்கம் அச்சில் வார்த்த மாதிரி உருண்டையானவை. இன்னொரு பக்கம் கோணலும் மாணலுமாக, விரல் பதிந்து, பாதி உதிர்ந்தவை. இந்தப் பக்கம் எந்தக் கை பிடித்தது, அந்தப் பக்கம் எந்தக் கை பிடித்தது என்று யாரும் கேட்கவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், ரொம்ப நேரம் துடைத்தார்.

டீச்சர் டின்னை வலது கைக்கு மாற்றினார். இடது கை மெல்ல உள்ளே போனது. விரல்கள் ஒவ்வொன்றாகத்தான் மடங்கின. கோணல் பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்து, நடுங்கிக்கொண்டே, அந்தக் கை என்னை நோக்கி வந்தது. நான் பாதி வழியிலேயே வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. கத்தவும் இல்லை. அது வருகிறவரை கையை ஏந்திக்கொண்டு நின்றேன். என் உள்ளங்கையில் வைத்ததும் உருண்டை பொலபொலவென்று உதிர்ந்தது. ரெண்டு கையையும் சேர்த்து ஏந்தி, கண்ணில் நீர் வடிய, ஒரு துகள் கீழே விடாமல் தின்றேன்.